கஞ்சி குடித்த நாவல் மரம்

சாவு வீட்டு ஜெபத்தின் நடுவில் யாருடைய செல்போனாவது அடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் கழுத்தைத் திருப்பி மற்றவர்களை முறைப்பார்கள். போனுக்குச் சொந்தக்காரரும் சேர்ந்து முறைப்பார். நானும் முறைத்திருக்கிறேன். என் சட்டைப் பை துடித்துக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரை ஒரு பார்வை பார்த்தேன். பாவம், அவரிடம் செல்போனே கிடையாது.

மைனியின் போன் அடித்தபோது நான் அதே மாதிரி ஒரு சாவு வீட்டில்தான் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன். மண்ணிலிருந்து வந்த மனுஷன் மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றி எங்கள் சபைப் போதகரான ஐயர் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உறுமியும் தவிலுமாக ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. கழுத்துகள் திரும்புவதற்குள் பெண்கள் பக்கத்தில் மைனி எழுந்து நின்றுவிட்டாள்.

“நான்தான் ஐயா. அமத்த மறந்துட்டேன். நீங்க மேல சொல்லுங்க.”

பாட்டு அணைந்தது. இறந்தவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று அப்போது தெரியவில்லை. பின்னால் அவரே சொன்னார்: “மூணு நாளைக்கு அப்புறம் அப்பத்தான் ஒரு வாட்டி சிரிச்சேன்.”

மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி. அவள் என் பெரியப்பா மகனைக் கட்டியவள், அதனால் எனக்கு முறைப்படி மைனி. ஊருக்கே எப்படி மைனி ஆனாள் என்பது தெரியாது. ஐயரின் மனைவி மைனி என்று கூப்பிடுவார். ஐயரும் ஒருமுறை பிரசங்கத்தில் வாய் தவறி “நம்ம மைனி” என்று சொல்லிவிட்டு, இருமி, “நமது சகோதரி” என்று திருத்திக்கொண்டார். பெயர் எழுதாமல் விடுவது அதனால்தான். எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கே யாரென்று தெரியாது.

ஊர், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் அங்கே சவுண்டு சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, கொடை, கந்தூரி, பிரதிஷ்டைப் பண்டிகை என்று எல்லாச் சாமிகளின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற வேலை. மைனி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தாள். அங்கே கண்ணாடிக் குழாய் உடையாத வாரம் கிடையாது. உடைந்தால் பிள்ளைகள் மேல் எழுதுவதுதான் வழக்கமாம். மைனி பொறுப்புக்கு வந்த வருஷம் பதிவேட்டில் பாதிக்கு மேல் ‘என்னால் உடைந்தது’ என்று அவள் கையெழுத்தே இருந்தது என்றும், ஆய்வுக்கு வந்த அதிகாரி, “இந்த அம்மா வேலை பாக்குதாவளா, இல்ல ஒடைக்கதுக்குன்னே சம்பளம் குடுக்கியளா?” என்று கேட்டதாகவும் சொல்வார்கள். அவள் உடைத்ததை மட்டும்தான் அவள் எழுதினாள். மற்ற பெரியவர்கள் யாரும் தாங்கள் உடைத்ததைத் தங்கள் பேரில் எழுதவில்லை. கணக்கு அப்படித்தான் வரும்.

எங்கள் வேதக்கோயில் வளாகத்தின் நடுவில் ஒரு நாவல் மரம் நிற்கிறது. கோயிலைவிட மூத்தது. வெள்ளைக்கார மிஷனெரி ஐயா முதல் ஜெபத்தை அதன் அடியில்தான் நடத்தினார் என்று ஒரு கட்சி. அவர் மழைக்கு ஒதுங்கினார், அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி. எப்படியோ அது பரிசுத்த மரம் ஆகிவிட்டது. மரங்களுக்குப் பொட்டு வைத்து மஞ்சள் கயிறு கட்டுகிற பக்கத்துத் தெருக்காரர்களை எங்கள் பெரியவர்கள் சிலர் லேசாகக் கேலி பேசுவார்கள். ஆனால் நாவல் மரத்தடியில் யாராவது வெற்றிலை துப்பினால் அவனைக் கொன்றே விடுவார்கள்.

ஆனி, ஆடியில் பழம் உதிரும். அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற இராப்போஜன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது எங்கள் சபையின் வழக்கம். மரமோ வாசலிலேயே நிற்கிறது. காலை ஏழு மணிக்கு, ஈரம் காயாத பழங்கள் நம் காலடியில் வந்து விழுகின்றன. ஏதேனில் இருந்தவர்களுக்காவது தோட்டத்தில் வேறு மரங்கள் இருந்தன.

ஒரு ஞாயிறு, இராப்போஜனத்துக்கு முழங்காலிட்டிருந்த வரிசையில் யாரோ ஆமென் சொன்னபோது ஐயர் கண்ணில் ஊதா நிறம் பட்டுவிட்டது. அவர் கையில் பாத்திரத்தோடு நின்றபடி பைய கேட்டார்: “காலையில பழம் தின்னது யாரு?”

அந்த வரிசையில் பதினாலு பேர் இருந்தோம். பதினாலு வாயும் மூடிக்கொண்டன. பிறகு ஒரு வாய் திறந்து, நாக்கு முழுசாக வெளியே வந்தது. ஊதா என்றால் அப்படி ஒரு ஊதா.

“நான்தான் ஐயா. ரெண்டு பழம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, நாலு” என்றாள் மைனி.

நான் தின்றது எட்டு. அன்றைக்குக் கடைசிப் பாட்டை முழுக்க மூக்கால்தான் பாடினேன்.

வெளியே வந்ததும் அவளிடம் சண்டைக்குப் போனேன். “மைனி, நீங்க ஒத்தையா நாக்க நீட்டவும் பாக்கி பதிமூணு பேரும் யோக்கியன் ஆயிட்டோம். ஒங்கள யாரு நீட்டச் சொன்னா?”

“நாக்கு ஊதாவா இருக்கும்போது வாய மூடிக்கிட்டு எம்புட்டு நேரம்லே இருக்கது? எனக்கு மூச்சு முட்டிரும். நீ எத்தன தின்ன?”

“ஒண்ணு.”

“நாக்க நீட்டு.”

நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி ஓடிவிட்டேன். என் வீடு கோயிலுக்கு எதிரில் இருக்கிறது.

இதற்கெல்லாம் அவள் ஒரு வேதப்பாடமும் வைத்திருந்தாள் என்பது ஒரு புதன்கிழமை வீட்டு ஜெபத்தில்தான் வெளியே வந்தது. அன்றைக்கு ஏதேன் தோட்டம். அந்த விலக்கப்பட்ட கனி எந்தக் கனி என்று பேச்சு வந்துவிட்டது. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் செயலாளர் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆப்பிள் என்றார். அத்தி இலையைத் தைத்து உடுத்தியிருக்கிறார்களே, அதனால் அத்திதான் என்றார் ஒருவர். வாழைக்குலை வியாபாரி ஒருவர் ரொம்ப நேரம் பொறுத்திருந்து, வாழையாகவும் இருக்கலாமே, அதற்கும் இலை பெரிசுதானே என்று தன் கட்சியை வைத்தார். நான் என் பங்குக்கு, “கண்டிப்பா நாவல் பழம் இல்லண்ணாச்சி. நாவல்னா ஆண்டவரு ஒரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டியதில்ல, நாக்க நீட்டுங்கலேன்னு சொன்னாப் போதும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மைனி சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“எந்தப் பழமா இருந்தா என்ன ஐயா? அவரு பழத்தப் பத்தியா மொதல்ல கேட்டாரு? எங்கன இருக்கன்னுல்லா கேட்டாரு? அவருக்குத் தெரியாதா எங்கன இருக்கான்னு? ‘இந்தா இருக்கேன், நான்தான் தின்னேன்’னு வெளிய வந்திருந்தா எனக்கென்னவோ கத மாறியிருக்கும்னு தோணுது. இவன் பொண்டாட்டியக் காட்டுதான். அவ பாம்பக் காட்டுதா. பாம்புக்குக் காட்டக் கையில்ல. தின்னப்போ தோட்டம் போகல ஐயா. வெரல நீட்டுனப்போதான் போச்சு.”

ஐயர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். செயலாளர் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. “அப்படின்னா திங்கது பாவம் இல்லங்கியா?”

“பாவந்தான் அண்ணாச்சி. ஆனா அதோட நின்னிருக்கும். மரத்துல தின்னாவ, மரத்துக்குப் பொறத்தாலயே போயி ஒளிஞ்சாவ. கடேசில ஒருத்தரு வந்து, தான் செய்யாததுக்கும் ‘நான்தான்’னு சொல்லி மரத்துல தொங்க வேண்டியதாப் போச்சு. அவரு அம்புட்டுக்கும் சொல்லிட்டாரு. நாம நம்ம ஒண்ணுக்காவது சொல்லாண்டாமா?”

ஐயர் நல்லவர். அடுத்த ஞாயிறு அதையே நாற்பது நிமிஷம் பிரசங்கித்தார். மைனி இரண்டு நிமிஷத்தில் முடித்திருந்தாள்.

மரம் என்றாலே அவளுக்கு அந்த யோசனைதான். ஒரு கல்யாணத்துக்குக் கொற்கைக்குப் போயிருந்தபோது, அங்கே நிற்கிற வயசான வன்னி மரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்த்து, பாண்டியன் காலத்து மரம், கப்பல் வந்ததைப் பார்த்த மரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மைனி அதன் அடிப்பாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “எம்புட்டுப் பேரு இதுக்குப் பொறத்தால ஒளிஞ்சிருப்பாவ, என்ன?” என்றாள்.

ஒரு நாள் அப்படி ஒளிகிற ஆள் நானாகவே இருப்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகை முடிகிற நாள் அசனம் நடக்கும். சாதி, மதம் பாராமல் சுற்றுவட்டாரமே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பொது விருந்து அது. விடிகாலையிலிருந்து மூட்டை மூட்டையாக அரிசி வேகும். சோற்றைப் பெரிய மூங்கில் கூடைகளில் கொட்டி வடிப்பார்கள். வடிக்கிற இடத்துக்குப் பொறுப்பு மைனி. ஒரு வருஷம் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று பந்தியில் முணுமுணுப்பு வந்தபோது, தன் பிரிவே இல்லாத சாம்பாருக்காக என் கையிலிருந்து மைக்கை வாங்கி, “கேக்காமப் போயி நான்தான் ரெண்டாவது வாட்டி உப்பப் போட்டேன், சோத்தக் கூட வாங்கிப் பெசஞ்சுக்கிடுங்க” என்று ஊருக்கே அறிவித்தவள். சமையல்காரர் அவளை அன்றிலிருந்து சாம்பார்ப் பக்கம் விடவில்லை. கும்பிட மட்டும் செய்தார்.

வடிகஞ்சி கொதிக்கக் கொதிக்க ஓடும். அது மதில் ஓரமாகப் போகிற ஓடை வழியாக வெளியே ஒரு குழியில் போய் விழ வேண்டும். அந்த வருஷம் நான் புதிதாக ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கியிருந்தேன். அதை ஊர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று ஆசை. ஊர் பார்க்கிற இடம் ஓடைக்கு மேலேதான் இருந்தது. வயர்களையும் ஓடை வழியே இழுத்தேன். கஞ்சி வந்தால் வயர் நனையும். ஆகவே மண்வெட்டியை எடுத்து நானே புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினேன், நேராக நாவல் மரத்தின் அடிக்கு.

முதல் கூடை வடிந்து, ஆவி பறக்கக் கஞ்சி அந்தப் பக்கம் ஓடியதும் மைனி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏ கொழுந்தா, இம்புட்டுச் சூடா போவுதே, மரத்துக்கு ஒண்ணும் ஆவாதா?”

நான் ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: “கஞ்சி குடிச்சா மனுசனுக்கே பலம் மைனி. மரத்துக்கு இன்னும் பலம். அடுத்த வருசம் நாவப்பழம் தேங்கா சைசுக்குக் காய்க்கும் பாருங்க.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மைனியும் சிரித்துவிட்டு அடுத்த கூடையைச் சாய்த்தாள். அன்று மதியம் வரை கஞ்சி ஓடிக்கொண்டே இருந்தது. என் நகைச்சுவையைக் கேட்டு யாரும் செத்ததில்லை என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் மரத்தின் தெற்குப் பக்கம் வாடியது. மூன்றாவது வாரம் இலைகள் பழுக்காமலே கொட்டின. அண்ணாந்து பார்த்தால் பாதி மரம் பச்சை, பாதி மரம் எலும்பு. ஊரே கூடிப் பார்த்தது. மிஷனெரி ஐயா ஜெபம் செய்த மரம் என்று ஒரு கட்சியும் மழைக்கு ஒதுங்கிய மரம் என்று இன்னொரு கட்சியும் முதல்முறையாகச் சேர்ந்து அழுதன.

செயலாளர் அண்ணாச்சி துப்புத் துலக்கினார். அடிமரத்தில் ஒரு துளை இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குள் சுண்டு விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

“பெருங்காயம்!”

துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்து நிலத்துக்காரன் தென்னையைக் கொல்லப் பங்காளிகள் இதைச் செய்வதாகச் சொல்வார்கள். அந்தத் துளை என்னுடையது. ஸ்பீக்கர் கட்ட நான் அடித்துப் பிடுங்கிய ஆணி. பெருங்காய வாசனை, அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதித்த வளாகத்தில் மரத்தில் மட்டும் இல்லை, மணிக்கூண்டிலும் அடித்தது. அன்று அண்ணாச்சி காலையில் சாம்பார் விட்டுத்தான் இட்லி சாப்பிட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு தலைமையாசிரியரின் விரலை யார் சந்தேகிப்பது?

சந்தேகம் வாட்ச்மேன் அண்ணாச்சி மேல் விழுந்தது. வளாகத்தின் மூலையில் ஒரு அறையில் மனைவியோடு இருந்தார். வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்து முதுகு போன பிறகு இங்கே வந்தவர். பெருக்குவதும் அவர்தான். பழம் உதிர்கிற இரண்டு மாதமும் சிமெண்டுத் தரையில் ஊதாக் கறையைத் தேய்த்துக்கொண்டே, “இந்த மரத்த எவனாவது கொண்டுபோய்த் தொலைக்கானா பாரு” என்று தினமும் திட்டுவார். சபையில் அதைக் கேட்காதவர் இல்லை. அவர் மனைவி கடையில் பெருங்காயம் வாங்கியதைப் பார்த்த சாட்சியும் கிடைத்துவிட்டது. எந்த வீட்டில் பெருங்காயம் வாங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டிருக்கலாம். எனக்குப் பத்தாவது நாளே புரிந்துவிட்டது. வாடிய பக்கம் எது, வாய்க்கால் போன பக்கம் எது என்று பார்க்கக் கண் போதும். ஆனால் கோயில் மைக் காண்ட்ராக்ட் என்னுடையது. மிஷனெரி மரத்தைக் கொன்றவன் என்ற பெயரோடு இந்த ஊரில் நான் யாருக்கு மைக் கட்டுவேன்? வாய்க்காலை மண் போட்டு மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டேன். அத்தி இலை கிடைக்காததால் நாவல் இலை.

ஞாயிறு ஆராதனை முடிந்து மரத்தடியிலேயே கூட்டம். அதற்கும் மைக் கட்டியது நான்தான். ஆம்ப்ளிபையரை மரத்துக்குப் பின்னால் வைத்து நானும் அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அடிமரம் அகலமானது, நானும் அகலமானவன். சரியாக மறைத்தது.

செயலாளர் அண்ணாச்சி விரல் கதையை விளக்கினார். மாதக் கடைசிக்குள் வாட்ச்மேன் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார்.

வாட்ச்மேன் அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “ஐயா, வாயால வைதேன். கையால செய்யல. தெனமும் வையிததுனாலதான் இம்புட்டு நாளும் இதுகூட ஒரு பேச்சுத்தொணையா இருந்துச்சு. நான் எங்க போவேன்?”

அவர் மனைவி அறை வாசலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கறை இல்லாத மாதம் அது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து மைனி எழுந்து வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டுக்குப் பிள்ளைப்பேறுக்குப் போயிருந்தவள், முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். வந்ததும் மரத்தைப் பார்த்திருக்கிறாள். என்னைப் போலவே அவளுக்கும் கண் இருந்தது.

மைக்கை வாங்கினாள். “மரத்தக் கொன்னது இவரு இல்ல. நான்தான்.”

எல்லாக் கழுத்துகளும் அவள் பக்கம் திரும்பின.

“அசனத்தன்னைக்கு அம்புட்டுக் கஞ்சியையும் நான்தான் இதுக்க வேர்ல விட்டேன். கொதிக்கக் கொதிக்க. சூடா போவுதேன்னு தெரிஞ்சுதான் விட்டேன். வேரு வெந்து போச்சு...”

இந்த இடத்தில் என் கை ஒரு காரியம் செய்தது. நான் யோசிக்கவில்லை, கை செய்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மைனியைப் பற்றிய கட்டுரையில் அப்படி எழுத முடியாது. நான்தான் செய்தேன். ஆம்ப்ளிபையரின் திருகைப் பிடித்துச் சத்தத்தை அப்படியே இறக்கிவிட்டேன்.

அவள் குரல் ஸ்பீக்கரில் நின்றுபோனது. அது பெரிய நஷ்டம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டிய தொண்டை. வெறும் குரலிலேயே மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். செயலாளர் அண்ணாச்சி எழுந்தார்.

“எப்பவும் மதில் ஓடையிலல்லா கஞ்சி போவும்? மரத்துக்கு வாய்க்கால் வெட்டுனது யாரு?”

மைனிக்குத் தெரியும். என் பெயரைச் சொன்னால் போதும். கொழுந்தன் வெட்டினான், கொழுந்தன் பலம் என்றான், நான் சாய்த்தேன். அத்தனையும் உண்மை. ஒரு விரலை நீட்டினால் பாதிப் பழி இறங்கிவிடும்.

“என் கை செஞ்சதத்தான் அண்ணாச்சி எனக்குச் சொல்ல முடியும்” என்றாள். “சூடுன்னு தெரிஞ்சும் சாய்ச்சது நான். இவரு அந்த ரூம்ல இருக்கட்டும். என்ன என்ன செய்யணுமோ செய்யுங்க.”

பிறகு கையிலிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று அவள் விரல் மட்டும் கேட்டது. மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏ கொழுந்தா, எங்கன இருக்க? மைக்கு வேல செய்யலியே.”

அவள் மைக்கைப் பற்றித்தான் கேட்டாள். இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் மரத்துக்குப் பின்னால், சருகு மேல், கையில் திருகோடு குந்தியிருந்த எனக்கு வியர்த்து ஊற்றியது. முன்னால் ஒரு புதன்கிழமை நாங்கள் எல்லாரும் ஆப்பிளா அத்தியா என்று பேசிக்கொண்டிருந்தபோது இவள் ஒருத்திதான் கவனித்திருந்த கேள்வி அது.

எழுந்து வெளியே வந்தேன். வயரில் கால் இடறிப் பாதி விழுந்து பாதி எழுந்தேன்.

“இங்கன இருக்கேன் மைனி. வாய்க்கால் வெட்டுனது நான்தான். புது ஜெனரேட்டர எல்லாரும் பாக்கணும்னு ஓடைய மறிச்சு வச்சேன். அண்ணாச்சி மோந்து பாத்த ஓட்டையும் நான் அடிச்ச ஆணிதான். இப்ப...” ஆம்ப்ளிபையரைத் திரும்பிப் பார்த்தேன். “இப்ப சத்தத்தக் கொறச்சதும் நான்தான்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஓடியது. நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அந்த ஊர் அவ்வளவு சிரித்ததில்லை. ஐயர் எழுந்து, “ஆணி அடிக்க எங்கிட்ட கேட்டான். சரின்னு தலையாட்டுனது நான்தான்” என்றார். செயலாளர் அண்ணாச்சி சுண்டு விரலை இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் அறைக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி போனது. என்ன இருந்தது என்று தெரியாது. சாம்பாராக இருக்கும்.

எனக்கு அந்த வாரம் மூச்சு நன்றாக வந்தது. இதை எப்படிச் சொல்வது? கொஞ்சம் எடை குறைந்த மாதிரிகூட இருந்தது. எடை பார்த்தேன். குறையவில்லை.

பட்ட பாதியை வெட்டினார்கள். அந்த மரத்தில் பெரிய சிலுவை செய்து பீடத்தில் வைக்கலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. மைனி ஒத்துக்கொள்ளவில்லை. “நாமளே கொன்னுட்டு நாமளே அதுல சிலுவையும் செய்யவா? நல்லாவா இருக்கு? வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு ஒரு பெஞ்சு செஞ்சு போடுங்க. முதுகு வலிக்காரரு.” பெஞ்சு செய்தார்கள். மிச்சப் பாதி மரத்தின் நிழலில்தான் போட்டார்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்து அவர் ஆனி, ஆடியில் மரத்தைத் திட்டினார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாதி நிறையக் காய்த்தபோது திட்டு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

மைக் காண்ட்ராக்ட் போகவில்லை. எங்கே மைக் கட்டினாலும், “சத்தத்தக் கொறச்சிராதடே” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. பட்டப்பெயரோடு வாழ முடியும். நான் பயந்த அளவுக்கு அது கனமாக இல்லை.

மைனி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அடக்க ஆராதனைக்கு மைக் கட்டியது நான்தான். திருகை ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கமே போகவில்லை. அக்கரை வயலில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த நாள் இல்லை. அவள் போவதற்குச் சில மாதங்கள் முந்தி, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றுக் கோளாறோடு படுத்திருந்த ஒரு மத்தியானம். பார்க்கப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு டம்ளர்.

“என்ன மைனி குடிக்கிய?”

“கஞ்சி. கஞ்சியத் தவிர ஒண்ணும் தொடக்கூடாதாம் கொழுந்தா. ஆற வச்சுத்தான் குடுக்காவ. அம்மட்டுக்கு இவுகளுக்கு மரத்தவிட எம்மேல எரக்கம் இருக்கு.”

என் பையில் காகிதப் பொட்டலத்தில் நாவல் பழம் இருந்தது. எங்கள் பாதி மரத்துப் பழம். காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போகத்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. மைனி பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

“ரெண்டே ரெண்டு” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். கொட்டையைத் துப்பக்கூட மனசில்லாமல் வாய்க்குள்ளேயே வெகு நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கையில், தோட்டம் பூட்டப்படுவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது.

நர்ஸ் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண், கையில் தெர்மாமீட்டர். “வாயத் தெறங்க பாட்டி.” திறந்தாள். நர்ஸ் இரண்டு அடி பின்வாங்கினாள்.

“இதென்ன ஊதாவா இருக்கு? யாரு பழம் குடுத்தது?”

“நான்தான்” என்றேன். என் வாழ்நாளில் முதல் முறையாக மைனியை முந்திவிட்டேன். யாரும் இழுத்து வெளியே கொண்டுவரவில்லை. மறைந்துகொள்ள அந்த அறையில் ஒரு கட்டில் இருந்தது, ஒரு திரைச்சீலை இருந்தது. நான் அப்படியே நின்றேன்.

“தின்னது நான்தான் தாயி” என்றாள் மைனி. “அவன் ரெண்டுதான்னான். நான் மூணு தின்னேன்.”

நர்ஸுக்குக் கோபப்பட வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாக்கு இன்னும் வெளியே நீண்டுகொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, தெர்மாமீட்டரை வாள் மாதிரி வாசல் பக்கம் நீட்டினாள்.

“நீங்க மொதல்ல வெளிய போங்க.”

போனேன். வராந்தாவின் கடைசி வரை மைனியின் சிரிப்புக் கேட்டது, மைக் இல்லாமலே. மூன்று பழமும் அவளை ஒன்றும் செய்யவில்லை. தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர்களில் சிரித்துக்கொண்டே படியிறங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.